ஊரை பாட்டிலில் அடைக்கலாம், முதலில் ஒரு பட்டியல் போடுவோம்

முன்பெல்லாம் வீட்டு வாசனை என்றால் ஊதுபத்தி. ஊதுபத்தி என்றால் மல்லிகை, ரோஜா, சந்தனம், தாழம்பூ. அவ்வளவுதான் கணக்கு. இப்போது இணையக் கடைகளில் போய்ப் பாருங்கள். மெழுகுவர்த்தி, குச்சி சொருகிய எண்ணெய் பாட்டில், மின்சாரத்தில் ஆவி விடும் டிஃப்யூசர் என்று வரிசையாக நிற்கின்றன. பெயர்களோ ஹினோகி, யூசு, சகுரா, மாட்சா! ஜப்பானியக் காடு, ஜப்பானிய மழை, ஜப்பானியத் தோட்டம் என்று விளக்கம் வேறு. பூவின் பெயரைச் சொல்லி விற்ற காலம் போய், ஒரு இடத்தின் பெயரையும் ஒரு பொழுதின் பெயரையும் சொல்லி விற்கிற காலம் வந்துவிட்டது.

இதைக் கிண்டல் செய்வதற்காக எழுதவில்லை. எனக்கு இந்த யோசனை பிடித்தே இருக்கிறது. ஒரு இடத்தை வாசனையாக யோசிப்பது உண்மையிலேயே அழகான விஷயம். என் கேள்வி வேறு. ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் இப்படி ஒரு பாட்டிலில் அடைக்க முடியுமா? முடியும் என்றால் அடைக்கலாமா? அடைத்து விற்றால் காசு யாருக்குப் போகும்? (காமர்ஸ் படிக்கிற பிள்ளை வேறென்ன கேட்கும் :-) )

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடைக்கலாம். ஆனால் ஜப்பானிடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது சகுராவை அல்ல. ஒரு பட்டியலை. அது என்ன பட்டியல் என்று போகப் போகச் சொல்கிறேன்.

மூக்குக்கும் நினைவுக்கும் நடுவே

"இந்த வாசனை வந்தாலே எங்க பாட்டி வீடு ஞாபகம் வருது" என்று சொல்லாத ஆள் உண்டா? இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் மூளையில் தலாமஸ் என்ற இடத்தைத் தாண்டித்தான் மேலே போகும். வாசனைக்கு மட்டும் குறுக்கு வழி இருக்கிறது. மூக்கிலிருந்து கிளம்பும் செய்தி, உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கிற பகுதிகளுக்கு ஏறக்குறைய நேராகவே போய்விடுகிறது. மூக்கில் வாசனையைப் பிடிக்கிற ஏற்பிகளின் பெரிய மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் என்ற இருவர். அதற்காக 2004இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதனுக்கு அப்படி ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள் வேலை செய்கின்றன.

ஆக, வாசனை விற்கிறவர்கள் விற்பது எண்ணெயை மட்டும் அல்ல, நினைவுக்கு ஒரு சாவியை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாவி திறக்க வேண்டுமானால் உள்ளே ஒரு அறை இருக்க வேண்டும். ஹினோகி மரத்தை வாழ்நாளில் பார்த்திராத எனக்கு அந்த வாசனை 'நல்லா இருக்கு' என்பதோடு நின்றுவிடுகிறது. முதல் மழை கரிசல் மண்ணில் விழுகிற வாசனை அப்படி நிற்குமா?

ஜப்பான்காரர்கள் என்ன செய்தார்கள்?

முதலில் மரியாதையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வாசனையை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் அவர்கள். தேநீருக்கு ஒரு முறை, பூ அடுக்க ஒரு முறை இருப்பது போல வாசனைக்கும் ஒரு முறை அங்கே உண்டு. பெயர் கோடோ. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் உருவானது. சாம்பலுக்குள் கரித்துண்டைப் புதைத்து, மேலே சின்ன மைக்கா தகடு வைத்து, அதன்மேல் மரச்சில் ஒன்றை வைத்துச் சூடாக்குவார்கள். புகையக் கூடாது, மணம் மட்டும் வர வேண்டும். அதை 'முகர்வது' என்று அவர்கள் சொல்வதில்லை, 'கேட்பது' என்கிறார்கள்.

கெஞ்சிகோ என்று ஒரு விளையாட்டு கூட இருக்கிறது. ஐந்து முறை மணம் சுற்றி வரும். எது எதோடு ஒன்று, எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். மொத்தம் 52 விதமான விடைகள் வரலாம். ஒவ்வொரு விடைக்கும் 'கெஞ்சியின் கதை' என்ற பழைய நாவலின் ஒரு அத்தியாயப் பெயர். கணக்கு, இலக்கியம், மூக்கு மூன்றும் ஒரே விளையாட்டில்!

அந்த மரச்சில் என்ன மரம் தெரியுமா? அகில். நம் அகிலேதான். ஜப்பானில் அகில் விளைவதில்லை. 595ஆம் ஆண்டு அவாஜி தீவில் ஒரு அகில் கட்டை கரை ஒதுங்கியது என்று அவர்களுடைய பழைய வரலாற்று நூல் சொல்கிறது. நம் சங்கப் பாட்டுகளில் பெண்கள் ஈரக்கூந்தலை அகில் புகையில் உலர்த்துகிறார்கள். கடல் தாண்டிப் போன ஒரு மரம் அங்கே ஒரு கலையாக ஆகிவிட்டது. இங்கே அகில் என்றால் 'யாரோட பேரு?' என்று கேட்கிற நிலைமை.

பருவத்தையும் அவர்கள் அப்படித்தான் நுணுக்கிப் பார்த்தார்கள். ஆண்டை 72 குட்டிப் பருவங்களாகப் பிரித்த காலக்கணக்கு ஒன்று அங்கே இருக்கிறது. ஒவ்வொன்றும் ஐந்து நாள். சீனாவிலிருந்து வந்ததை 1685இல் ஷிபுகவா ஷுன்காய் என்ற வானியலாளர் ஜப்பானின் பருவநிலைக்கு ஏற்ப மாற்றினார். இன்று வாசனை பாட்டில்களின் மேல் ஒட்டியிருக்கிற 'ஜப்பானிய இயற்கை அழகியல்' என்ற பேச்சுக்கு அடியில் இவ்வளவு உழைப்பு இருக்கிறது. ஆனால் பாட்டிலுக்கு வரும்போது அது வெறும் வெளிர் நிறத்தாளும் ஒரு கிளை ஓவியமுமாகச் சுருங்கிவிடுகிறது. அதைத்தான் நாமும் காப்பி அடிக்கிறோம்.

நமக்கு ஒன்றும் இல்லையா என்ன?

நிலத்துக்குப் பூவின் பெயர் வைத்த ஆட்கள் நாம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பெரும்பொழுது, ஒரு சிறுபொழுது. முல்லை என்றால் கார்காலம், மாலை நேரம். குறிஞ்சி என்றால் குளிர்காலம், நள்ளிரவு. இன்றைக்கு ஒரு வாசனை வடிவமைப்பாளர் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு இதைவிட வேறு மாதிரி இருக்காது: இடம், பருவம், நேரம், அந்த நேரத்து மனநிலை. கபிலர் ஒரே பாட்டில், குறிஞ்சிப்பாட்டில், 99 பூக்களை அடுக்குகிறார். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடப் பகுதியாகப் பார்த்துப் பயந்தோமே தவிர, 'அட, இது ஒரு மலைச்சாரலின் வாசனைப் பட்டியல்' என்று யாரும் சொல்லித் தரவில்லை.

மொழியையும் கொஞ்சம் பாருங்கள். மணம், வாசனை, வாடை, நாற்றம், வீச்சம், கவிச்சி, காந்தல், பச்சை வாடை, மக்கின வாடை. எவ்வளவு சொற்கள்! இதில் பாவம் 'நாற்றம்'. பழைய தமிழில் அது நல்ல மணத்தையும் குறித்த சொல். இப்போது சாக்கடையோடு ஒட்டிக்கொண்டது. இன்னொரு வேடிக்கை உண்டு. பாடப் புத்தகத்தில் 'கன்ஸ்யூமர்' என்பதற்குத் தமிழ் என்ன? நுகர்வோர். நுகர்தல் என்றால் அனுபவிப்பது, முகர்வது இரண்டும்தான். வாங்குகிறவனுக்கே மூக்கை வைத்துப் பெயர் வைத்திருக்கிறோம்!

அடுத்தது ஆண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்து வாசனையைப் பற்றிப் பேசிவிட்டு ஆண்டாளைப் பேசாமல் விட முடியாது. பெரியாழ்வார் அவளைக் கண்டெடுத்ததாகச் சொல்லப்படுவது துளசிச் செடியின் கீழே. அவளுடைய கதையே ஒரு மாலையின் கதை. நாச்சியார் திருமொழியில் மொத்தம் 143 பாசுரங்கள். அதில் ஒரு பதிகம் முழுக்கச் சங்கோடு பேசுகிறாள். 'நீதான் அவன் உதட்டிலேயே இருக்கிறாயே, அவன் வாய் கற்பூரம் போல மணக்குமா, தாமரை போல மணக்குமா, சொல்' என்பது அவள் கேள்வி. அவன் எப்படி இருப்பான், எவ்வளவு பெரியவன் என்றெல்லாம் கேட்காமல், எப்படி மணப்பான் என்று கேட்கிறாள். ஒரு ஆளை நினைத்துக்கொள்ள மூக்குதான் நம்பகமான வழி என்று ஆயிரம் வருடத்துக்கும் முன்னால் எங்கள் ஊர்ப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

இது ஏட்டோடு நின்ற விஷயமும் இல்லை. மார்கழியில் ஆண்டாளுக்கு எண்ணெய்க்காப்பு உற்சவம் நடக்கும். அதற்கான தைலத்தை நல்லெண்ணெயில் பால், நெல்லி, தாழம்பூ, மூலிகைகள் என்று சேர்த்துப் பல நாள் காய்ச்சுகிறார்கள். வடிவமைப்பு, மூலப்பொருள், செய்முறை, பருவம், பயன்படுத்தும் நாள் எல்லாம் குறித்து வைத்த ஒரு வாசனைப் பொருள்! டிசைன் என்ற சொல் மட்டும்தான் அங்கே இல்லை.

அந்தப் பட்டியல்

இப்போது நான் சொன்ன பட்டியலுக்கு வருகிறேன். 2001இல் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வேலை செய்தது. நாடு முழுவதும் இருந்து, 'எங்க ஊரில் காப்பாற்ற வேண்டிய வாசனை இது' என்று பரிந்துரைகள் கேட்டது. 600 வந்தன. அதிலிருந்து 100 இடங்களைத் தேர்ந்தெடுத்து 'வாசனை நிலக்காட்சிகள் 100' என்று அறிவித்தது.

அதில் என்னென்ன இருந்தன தெரியுமா? ஃபுரானோ ஊரின் லாவண்டர் வயல் இருந்தது, சரி, அதை யாரும் எதிர்பார்ப்போம். குஷிரோ துறைமுகத்தின் கடல்மூடுபனி இருந்தது. ஹமமட்சு ஊரில் விலாங்கு மீன் சுடுகிற வாசனை இருந்தது. மொரியோகாவின் அரிசி... இல்லை, கோதுமை மாவில் சுடுகிற வட்ட பிஸ்கட் வாசனை இருந்தது. டோக்கியோவில் கண்டா பகுதியின் பழைய புத்தகக் கடைத்தெரு இருந்தது! ஒசாகாவின் சுருஹாஷி ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள கொரியர் கடைகளில் இறைச்சி வாட்டுகிற புகை கூட இருந்தது. சிறுபான்மையினர் வாழ்கிற ஒரு தெருவின் சமையல் வாசனையை அரசாங்கம் 'காப்பாற்ற வேண்டியது' என்று எழுதி வைத்தது.

இதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. இந்தப் பட்டியல் வந்தது சுற்றுலாத் துறையிலிருந்து அல்ல. துர்நாற்றத்தைக் கட்டுப்படுத்த 1971இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தைக் கவனிக்கிற அமைச்சகம்தான் இதையும் செய்தது. கெட்ட வாடையைத் தடுத்தால் மட்டும் போதாது, நல்ல மணம் எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தைக் காக்க வேண்டும் என்பது யோசனை. அதாவது வாசனையைக் காப்பது என்றால் வயலை, காட்டை, கடையை, தொழிலைக் காப்பது.

சகுரா பாட்டிலை விட்டுவிட்டு இதைக் கடன் வாங்குவோம் என்கிறேன்.

எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சேர்த்து என் பட்டியலைத் தருகிறேன். நேரமும் பருவமும் சேர்த்தே தருகிறேன், திணைக்காரர்கள் போல.

1. நந்தவனத்துத் துளசி. விடியற்காலை, மார்கழி. பறித்த துளசி வேறு, செடியில் இருக்கும்போது பனி பட்ட துளசி வேறு. இங்கிருந்து போகிற ஆண்டாள் மாலையைத் திருப்பதி பிரம்மோற்சவத்தின் கருட சேவையில் பெருமாள் சூடுகிறார். சித்திரையில் வைகைக்கு வரும் கள்ளழகரும் சூடுகிறார். எங்கள் ஊர் வாசனை ஏற்கெனவே ஏற்றுமதி ஆகிறது என்று சொல்லலாம்.

2. பால்கோவா அடுப்பு. முற்பகல், எல்லாப் பருவமும். இரும்புச் சட்டியில் பாலும் சர்க்கரையும் சுண்டி, ஓரத்தில் லேசாகப் பிடித்து, அதோடு விறகுப் புகை கலந்த மணம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விறகு போய் கேஸ் வந்த அடுப்பில் இனிப்பு அதேதான். புகை மட்டும் இருக்காது.

3. செண்பகத்தோப்பு. மழை விட்ட மாலை. மலையடிவாரம். பெயரிலேயே பூ இருக்கிற காடு. சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயம் ஆனது. 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆனது. ஈர இலை, மக்கின இலை, மரப்பட்டை, எங்கோ ஒரு பூ. 'காட்டுக்குளியல்' என்ற ஜப்பானியச் சொல்லை அவர்களுடைய வனத்துறை 1982இல் உருவாக்கியது. அதை வாங்கிப் பாட்டிலில் ஒட்டி நமக்கே விற்கிறார்கள். நமக்கு டவுன் பஸ் தூரத்தில் காடு.

4. கரிசலில் முதல் மழை. ஐப்பசி. இதற்கு விஞ்ஞானம் 1964இல் 'பெட்ரிகோர்' என்று ஒரு பெயர் வைத்தது. வைத்தவர்கள் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் விடுகிற ஜியோஸ்மின் என்ற பொருளுக்கும் இதில் பங்கு உண்டு. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் சுட்ட மண்ணைச் செம்புப் பானையில் போட்டு வடித்து, சந்தன எண்ணெயில் பிடித்து, 'மிட்டி அத்தர்' என்று வெகுகாலமாக விற்கிறார்கள். விஞ்ஞானிகளுக்கே அதைப் பற்றித் தெரிந்திருந்தது. நாமோ 'மண்வாசனை' என்று சினிமாவுக்குப் பெயர் வைத்ததோடு சரி.

5. மாம்பழ மண்டி. சித்திரை, வைகாசி. வைக்கோலுக்குள் பழுக்கிற சப்பட்டை மாம்பழம், சாக்கு, வியர்வை, கொஞ்சம் அழுகல். அந்த அழுகல் இல்லாமல் அது மண்டி வாசனையே இல்லை.

6. ஆடிப்பூரத் தேர். காலை. தேர்வடத்தின் நார் வாடை, தேங்காய், கற்பூரம், நசுங்கிய பூ, ஆயிரக்கணக்கான ஆட்கள்.

7. பஞ்சு மில். மூன்று ஷிப்டும். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டதிலிருந்து இந்த ஊரின் வாழ்க்கை நூலில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி. பஞ்சு, இயந்திர எண்ணெய், சூடான காற்று.

இந்த ஏழாவதில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

ரசிக்கிறவன் மூக்கும் உழைக்கிறவன் நெஞ்சும்

'க்ளீன் காட்டன்' என்று ஒரு பிரபலமான வாசனை மெழுகுவர்த்தி இருக்கிறது. யாங்கி கேண்டில் என்ற அமெரிக்க நிறுவனத்துடையது. அந்தப் பெயரில் வருவது பஞ்சின் வாசனை இல்லை, துவைத்துக் காயப்போட்ட துணியின் வாசனை. சோப்புத்தூளும் வெயிலும். பஞ்சுக்கு அப்படி ஒரு வாசனையே கிடையாது.

என் அத்தை பல வருடம் ஒரு நூற்பு மில்லில் வேலை பார்த்தவர். அவரிடம் இதைச் சொன்னேன். "பஞ்சு வாசனைன்னு மெழுகுவர்த்தி விக்கிறாங்களாம் அத்தை." அவர் சிரித்தார். "அடி போடி. அந்த வாடையப் போக்கத்தானே நான் தினமும் தலைக்கு ஊத்துனேன். காசு குடுத்து வாங்குறாங்களாமா?"

பஞ்சுத் தூசியால் வருகிற நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். அதன் அடையாளமே விசித்திரமானது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாளில்தான் நெஞ்சு இறுகும். அதனால் உலகமெங்கும் மருத்துவர்கள் அதைத் திங்கட்கிழமையோடு சேர்த்துப் பேசுகிறார்கள். வெளியூர்க்காரருக்கு 'நூல் நகரத்தின் வெதுவெதுப்பான நினைவு' என்று தோன்றுகிற காற்று, உள்ளே நின்றவருக்கு மருந்துச்சீட்டு. விறகடுப்பு முன்னால் நாள் முழுக்க நின்று பால்கோவா கிளறுகிறவருக்கும் இதே கதைதான். புகை நமக்கு மணம், அவருக்குக் கண் எரிச்சல்.

இதனால் ஏழாவதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா? கூடாது என்பேன். எடுத்தால் பட்டியல் பொய்யாகிவிடும். துளசியும் செண்பகமும் மட்டும் வைத்துக்கொண்டு ஊரை வர்ணித்தால் அது கோயில் காலண்டர். ராஜபாளையம் உழைக்கிற ஊர். அதன் வாசனையில் உழைப்பு இருக்கும். ஆனால் அதைப் பட்டியலில் வைக்கிறபோது தூசியைப் பற்றியும் எழுத வேண்டும். பழைய பஞ்சு வாடை குறைந்து, தூசி உறிஞ்சும் கருவியும் முகக்கவசமும் வந்த மில்லைப் பார்த்து 'ஐயோ, வாசனை போச்சே' என்று யாரும் கவிதை எழுதக் கூடாது. சில வாசனைகள் போவதே நல்லது. அவற்றை எழுதி வைத்தால் போதும்.

காசு யாருக்கு?

ஊர்ப் பெயரில் வாசனை என்பது இந்தியாவுக்குப் புதிது இல்லை. மும்பையில் 2016இல் தொடங்கிய பாம்பே பெர்ஃப்யூமரி வெளியிட்ட வாசனைத் திரவியங்களில் ஒன்றின் பெயர் 'மதுரை டாக்கீஸ்'. அடிப்படை மல்லிகை. இன்னொன்றின் பெயர் 'காலிகட்'. பெயர் நன்றாகவே இருக்கிறது, நானே ரசித்தேன். நம் ஊர்க்காரர்களுக்கு ஏன் முதலில் தோன்றவில்லை என்றுதான் எனக்குப் பொறாமை.

மல்லிகையின் கணக்கைப் பாருங்கள். மல்லிகையைக் கொதிக்கவைத்து வடித்தால் அதன் நுணுக்கமான மணம் கெட்டுவிடும். அதனால் கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். ஒரு கிலோ சுத்தமான சாரம் எடுக்கப் பல நூறு கிலோ மொட்டு வேண்டும். விடியுமுன் எழுந்து ஒவ்வொன்றாகக் கையால் பறித்த மொட்டு. முகூர்த்த நாளிலும் பொங்கல் சமயத்திலும் கிலோ ஆயிரங்களுக்குப் போகிற பூ, வரத்து அதிகமான நாளில் அடிமாட்டு விலைக்கு இறங்கும். அப்போதுதான் சென்ட் தொழிற்சாலைக்குப் பூ போகும். விவசாயிக்குக் குறைந்த விலை கிடைத்த நாளின் பூதான் உலகின் விலை உயர்ந்த பாட்டில்களுக்குள் உட்காருகிறது.

சரி, சட்டம் உதவுமா? மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பூவுக்கு. ஒரு ஊரின் மணத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. வணிகக்குறிச் சட்டத்திலோ இப்போதுதான் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2025 நவம்பரில் இந்தியாவின் வணிகக்குறிப் பதிவகம் முதன்முறையாக ஒரு வாசனையை வணிகக்குறியாக ஏற்று விளம்பரத்துக்கு அனுமதித்தது. எந்த வாசனை? டயரில் ரோஜாப்பூ மணம்! யாருடையது? சுமிடோமோ ரப்பர் என்ற ஜப்பானிய நிறுவனம். பிரிட்டனில் அதே டயர் மணத்துக்கு 1996லேயே பதிவு வாங்கியிருக்கிறார்கள். டயருக்கும் ரோஜாவுக்கும் சம்பந்தம் இல்லை என்பதுதான் அதன் பலமே. சட்டப்படி, பொருளோடு இயல்பாகச் சம்பந்தம் இல்லாத வாசனைதான் அடையாளமாக நிற்கும். அப்படியானால் துளசி மணக்கிற துளசி மெழுகுவர்த்திக்கு அந்தக் கதவு திறக்காது. ஒரு வகையில் நல்லதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் துளசி வாசனையை யாரும் தனியாகப் பட்டா போட முடியாது. இன்னொரு வகையில் சிக்கல். யார் வேண்டுமானாலும், ஒரு துளசி இலை கூட வாங்காமல், அந்தப் பெயரில் விற்கலாம்.

செயற்கை மணப்பொருளுக்கு நான் எதிரி இல்லை. மல்லிகையில் இருக்கிற ஒரு பொருளை ஒட்டி ஆய்வகத்தில் செய்யப்படும் ஹெடியோன் இல்லாமல் இன்றைய வாசனைத் தொழிலே இல்லை. 1966இல் வந்த டியோரின் 'ஓ சோவாஜ்' அதை வைத்துத்தான் புகழ் பெற்றது. எல்லா வீட்டிலும் மணக்க வேண்டுமானால் எல்லாக் காட்டையும் வெட்ட முடியாது. செய்வது செயற்கையாக இருக்கலாம், சொல்வது பொய்யாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஆகவே...

யாராவது (நம் ஊர்க்காரர்களே என்றால் இன்னும் சந்தோஷம்) இந்த இரண்டு ஊர்களை வைத்து ஒரு வாசனை வரிசை தொடங்கினால் மூன்று விஷயங்களைக் கேட்பேன்.

ஒன்று, பூவின் பெயரோடு நிற்காதீர்கள். எந்த இடம், எந்த மாதம், எந்த நேரம், யார் அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று பெட்டியில் எழுதுங்கள். 'துளசி' என்றால் நூறு பேர் விற்கிறார்கள். 'நந்தவனம், மார்கழி, விடிகாலை' என்பதை இந்த ஊர்க்காரர்தான் சரியாகச் செய்ய முடியும். திணை சொன்னதும் இதைத்தான், ஜப்பானின் 72 பருவங்கள் சொல்வதும் இதைத்தான்.

இரண்டு, எது உண்மையான சாறு, எது ஆய்வகத்தில் செய்தது என்று ஒரு வரி எழுதுங்கள். நுகர்வோர் முட்டாள் இல்லை.

மூன்று, ஒவ்வொரு பாட்டிலுக்கும் மூலத்துக்கு ஒரு பங்கு. பூ விவசாயிக்கு முன்கூட்டியே ஒப்பந்த விலை. செண்பகத்தோப்பின் பெயரில் விற்றால் அங்கே சில செண்பகக் கன்றுகள். பஞ்சின் பெயரில் விற்றால் மில் தொழிலாளர்களின் நுரையீரல் பரிசோதனைக்கு ஒரு தொகை. இதைத் தர்மம் என்று நினைக்க வேண்டாம், மூலப்பொருள் செலவு என்றே கணக்கில் எழுதுங்கள். காடும் நந்தவனமும் அடுப்பும் இல்லாமல் போனால் பாட்டிலில் இருப்பது எதனுடைய நினைவு?

பாட்டில் வருகிறவரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. பட்டியல் போட முதலீடு தேவையில்லை, லைசென்ஸ் தேவையில்லை. ஒரு நோட்டும் மூக்கும் போதும். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளை விட்டு அவரவர் தெருவின் ஐந்து வாசனைகளை நேரம் போட்டு எழுதச் சொல்லலாம். வீட்டுப் பெரியவர்களிடம் 'இப்போது இல்லாத வாசனை எது' என்று கேட்டு எழுதச் சொல்லலாம். பழைய கட்டடத்துக்குப் புகைப்படம் இருக்கிறது, பழைய பாட்டுக்கு ஒலிநாடா இருக்கிறது. போன வாசனைக்கு எழுதி வைத்த வரி ஒன்றைத் தவிர வேறு எந்தச் சாட்சியும் கிடையாது. ஆண்டாள் கேட்ட கேள்வி மட்டும் நமக்கு மிஞ்சியது, அவள் எழுதி வைத்ததால்.

என் பட்டியலில் ஏழுதான் இருக்கிறது. சிவகாசிக்காரர்கள் வெடிமருந்து வாடையைச் சேர்ப்பார்கள், சத்திரப்பட்டிக்காரர்கள் வெளுத்த துணியைச் சேர்ப்பார்கள். உங்கள் தெருவில் எட்டாவது எது?